செண்ட் வாங்கலாம், கார்டில் வாங்க வேண்டாம்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 29 வயது. மயிலாடுதுறையில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். தினமும் ரயிலில் கும்பகோணம் போய் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 34,500 ரூபாய். வீட்டுக்கு 12,000, சீட்டுக்கு 5,000, வங்கி ஆர்டிக்கு 3,000 கொடுக்கிறேன். ஆர்டி போட்டு 20 மாதம் ஆகிறது. செண்ட், லிப்ஸ்டிக், சீரம், கிரீம் என்று மாதம் 6,000 ரூபாய் வரை போய்விடுகிறது. ரயில் சீசன், போன், துணிமணி எல்லாம் சேர்த்து இன்னொரு 6,000. கிரெடிட் கார்டில் 46,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாதாமாதம் 2,300 ரூபாய் குறைந்தபட்சத் தொகை கட்டிவிடுகிறேன்.

இப்போது ஒரு பிரெஞ்சு செண்ட் மேல் ஆசை. சென்னை போனபோது கடையில் அடித்துப் பார்த்தேன். முதலில் ரோஜா மாதிரி, அப்புறம் வெட்டிவேர் மாதிரி. 50 மில்லி 11,500 ரூபாய். ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐயில் தருகிறார்கள். என்னிடம் ஏற்கெனவே ஏழு செண்ட் பாட்டில் இருக்கிறது. "பூசிக்கிறதுக்கே சம்பாதிக்கிறியா?" என்று அம்மா கேட்கிறார். அப்பாவுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் போல, நிலம் இருக்கிறது, சாகுபடி செய்கிறார். என் காசில் எனக்குப் பிடித்ததை வாங்குவது தப்பா?

பதில்: தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் கணக்கைவிட அந்தக் குற்ற உணர்ச்சிதான் அதிகம் தெரிகிறது. டெல்டாக்காரர்களுக்கு வாசனை ஒன்றும் புதுச் செலவு அல்ல. தஞ்சாவூர்க் கதம்பத்தில் மருவும் மரிக்கொழுந்தும் ஏன் சேர்த்துக் கட்டுகிறார்கள்? சந்தனம், ஜவ்வாது, தாழம்பூ எல்லாம் வீட்டில் புழங்கியவைதான். தை மாத முகூர்த்த நாளில் மல்லி கிலோ ஆயிரங்களைத் தொட்டாலும் நம் பெண்கள் ஒரு முழமாவது வாங்காமல் இருப்பதில்லை. தமிழ்நாட்டு மல்லியிலிருந்து எடுக்கும் சாறு வெளிநாட்டு செண்ட் கம்பெனிகளுக்கும் போகிறது. ஆகவே உங்கள் ஆசையில் நான் குறை காணவில்லை. எனக்கும் வாசனை பிடிக்கும்.

என் கவலையெல்லாம் அந்த 46,000 ரூபாய் பாக்கி மேல்தான்.

கார்டுக்குக் கார்டு வட்டி மாறும். பாக்கியைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்பது சாதாரணம். 46,000 ரூபாய்க்கு அது 1,610 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 290 ரூபாய். ஆக மாதம் 1,900 ரூபாய் வட்டியாகவே போகிறது. நீங்கள் கட்டும் 2,300-இல் அசலில் கழிவது வெறும் 400. ஒரு வருடத்துக்குப் பார்த்தால் வட்டி மட்டும் 22,000 ரூபாயைத் தாண்டும். நீங்கள் ஆசைப்படும் பாட்டில் இரண்டின் விலை கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் வருடத்துக்கு இரண்டு பாட்டில் செண்டை வங்கிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் அந்த நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். 300 ரூபாய் காஜலுக்கும் இதே கதைதான்.

ஆர்டியில் 20 மாதம், மாதம் 3,000 என்றால் அசலே 60,000 இருக்கிறது. இந்த வாரமே வங்கிக்குப் போய் அதை முடித்துவிடுங்கள். முன்கூட்டி முடிப்பதால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். ஆறு ஏழு சதவீதம் சம்பாதிக்கும் பணத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் வருடத்துக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுவதில் அர்த்தமே இல்லை. "சேமிப்பில் கை வைக்கக் கூடாது" என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் கார்டு பாக்கி இருக்கும்வரை அந்த ஆர்டி உண்மையில் சேமிப்பாக வேலை செய்யவில்லை. 46,000 ரூபாயையும், அதோடு பில் தேதி வரை ஏறியிருக்கும் வட்டியையும் ஒரே தடவையில் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் பத்துப் பன்னிரண்டாயிரமாவது இருக்கும். அதைத் தொடாமல் சேமிப்புக் கணக்கில் வையுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி. வட்டியில்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரர் விலையில் தள்ளுபடி கொடுத்துச் சரிக்கட்டுகிறார். வட்டி மேல் வரும் ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். உங்கள் 11,500-க்கு அது சில நூறு ரூபாய்தான் இருக்கும், அதற்காக நான் பயமுறுத்த மாட்டேன். ஒரு மாதம் பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் போனால் அந்த மாதத் தவணையும் மூன்றரை சதவீத வட்டிக்குள் விழுந்துவிடும், அதுதான் ஆபத்து. 46,000 சேர்ந்ததும் இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும்.

சரி, அந்த பாட்டிலுக்கு வருவோம்.

உங்கள் ஏழு பாட்டிலையும் எடுத்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். எதில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணாடி வழியாகத் தெரியும். ஒவ்வொன்றும் 50 மில்லி, சராசரியாகப் பாதி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை அழுத்தினால் ஏறக்குறைய 0.1 மில்லி வெளியே வரும். ஆக உங்களிடம் 175 மில்லி, அதாவது சுமார் 1,750 தடவை அடிக்கும் அளவு இருக்கிறது. தினம் நான்கு முறை அடித்தாலும் பதினான்கு மாதம் வரும். புதிய பாட்டில் வந்தால் அது எட்டாவதாக வரிசையில் நிற்கும், அவ்வளவுதான்.

நிற்பதோடு போகாது, கெடவும் செய்யும். வெயிலும் சூடும் செண்டுக்கு எதிரி. மே மாதத்தில் நம் ஊர் ஓட்டு வீட்டு அலமாரியிலோ குளியலறைத் தட்டிலோ வைத்த பாட்டிலின் நிறம் அடர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் எலுமிச்சை மாதிரியான மேல் வாசனை போகும், பிறகு ஒரு புளித்த நெடி வரும். அட்டைப் பெட்டியோடு, இருட்டான பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். மஸ்காராவைத் திறந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதம்தான். வைட்டமின் சி சீரம் பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். டப்பாக்களின் அடியில் திறந்த மூடி போட்ட ஒரு சின்னப் படமும், உள்ளே 12எம், 24எம் என்றும் இருக்கும். திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்பதற்கான குறி அது. பாதியில் கெட்டுத் தூக்கிப் போடும் சீரத்துக்கு நீங்கள் கொடுத்தது இரண்டு மடங்கு விலை.

எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஃபேஸ்வாஷுக்கு வேண்டாம். அரை நிமிடத்தில் தண்ணீரோடு போகிற பொருளுக்கு 2,000 ரூபாய் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சீரத்தில் லேபிளைப் படியுங்கள். நியாசினமைடு பத்து சதவீதம் என்று 600 ரூபாய் பாட்டிலிலும் போட்டிருக்கும், அதே நியாசினமைடு 6,000 ரூபாய் பாட்டிலிலும் இருக்கும். சன்ஸ்கிரீனை நான் ஆடம்பரக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வெயிலில் ஸ்டேஷனுக்கு நடக்கிறவருக்கு அது குடை மாதிரி அவசியம், வீட்டுச் செலவில் சேருங்கள். விலை உயர்ந்த லிப்ஸ்டிக்கில் பாதிச் சுகம் அந்தக் கனமான உறையிலும் மூடும்போது வரும் 'டிக்' சத்தத்திலும்தான் இருக்கிறது. அந்தச் சுகம் பொய்யில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரே ஒரு உறை போதும்.

செண்ட் வேறு. ஒரு நல்ல செண்டுக்கு அப்படியே மாற்று கிடைப்பது கடினம். ஐரிஸ் கிழங்கைத் தோண்டி எடுத்து வருடக்கணக்கில் காயவைத்தால்தான் அந்தப் பவுடர் வாசனை வரும். ஒரு கிலோ மல்லிச் சாறுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். விலையில் விளம்பரம், கண்ணாடி, கடை வாடகை, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் ஏறியிருக்கிறது என்பதும் நிஜம்தான். என்றாலும் உங்களுக்கு ஒரு விலை உயர்ந்த பொருள் வேண்டும் என்றால் அது செண்டாக இருக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். சென்னையில் ஏசி கடைக்குள் அடித்துப் பார்த்தது போதாது. முதல் கால் மணி நேரம் மூக்குக்கு வருவது சீக்கிரம் ஆவியாகும் மேல் வாசனை. வெட்டிவேர், மரம், பிசின் எல்லாம் கனமானவை, மெதுவாக வந்து சாயங்காலம் வரை நிற்கும். வெனிலா, அம்பர் போன்ற இனிப்பு வாசனைகள் மார்கழிக் காலையில் அருமையாக இருக்கும். சித்திரையில் ஆடுதுறை தாண்டி நெரிசலான பெட்டியில் அதே வாசனை உங்களுக்கே மூச்சு முட்டும், பக்கத்தில் நிற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெட்டிவேர் அப்படியில்லை, வேர்வையோடு சேர்ந்தாலும் சுத்தமாகவே இருக்கும். இந்த விஷயத்தில் உங்கள் தேர்வு நல்ல தேர்வு. அடுத்த முறை மணிக்கட்டில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ராத்திரி வரை பிடித்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எஸ்டீ லாடர் கம்பெனியை நடத்திய லெனார்ட் லாடர் 2001-இல் ஒன்று சொன்னார்: பொருளாதாரம் மந்தமாகும்போது லிப்ஸ்டிக் விற்பனை கூடுகிறது என்று. அது எல்லாக் காலத்துக்கும் பொருந்துமா என்பதில் பொருளாதார அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் என்னிடம் வரும் இளைஞர்களிடம் அதை நான் பார்க்கிறேன். கும்பகோணத்தில் ஒரு மனை வாங்குவது எட்டாத தூரத்தில் இருக்கிறது, பவுன் விலையைக் கேட்கவே வேண்டாம். எட்டுகிற உயரத்தில் இருப்பது ஒரு லிப்ஸ்டிக்தான். உங்கள் மாதம் 6,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது பாதிக் காரணமாக இருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

இனி மாதக் கணக்கு. ஆசைக்கு என்று மாதம் 2,000 ரூபாய் தனியாக ஒரு கணக்கில் போடுங்கள். சம்பளம் வந்த அன்றே போட வேண்டும். செண்டோ கிரீமோ எதுவானாலும் அதிலிருந்துதான். செலவழிக்காத மாதத்தில் அது அங்கேயே சேரட்டும். ஆறு மாதத்தில் 12,000 ஆகிவிடும். இஎம்ஐ போட்டாலும் ஆறு மாதம், சேர்த்து வைத்தாலும் ஆறு மாதம். அதற்குள் பழைய பாட்டிலில் இரண்டு மூன்று காலியாகியிருக்கும், ஆசையும் அதே அளவு இருக்கிறதா என்று தெரிந்திருக்கும்.

ஆசைச் செலவில் மிஞ்சும் 4,000, கார்டுக்குக் கட்டிய 2,300, ஆர்டிக்குப் போன 3,000, எல்லாம் சேர்த்து 9,300 ரூபாய் மாதாமாதம் கையில் இருக்கும். அவசரத்துக்கென்று கையில் ஒரு லட்சம் சேரும் வரை, அதாவது பத்து மாதம் போல, இதை வேறு எதிலும் போடாதீர்கள். மியூச்சுவல் ஃபண்ட், பிபிஎஃப் எல்லாம் அப்புறம் பேசலாம்.

அவசரத் தொகைக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது உங்கள் அப்பாவின் ஆறு மா நிலத்துக்காக. குறுவைக்கு மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்களா என்பதில் ஒவ்வொரு வருடமும் நம் கையில் எதுவும் இல்லை. சம்பா வளர்ந்து நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இந்தப் பக்கத்து வீடுகள் என்ன பாடுபட்டன என்பது உங்களுக்கே தெரியும். பயிர்க் காப்பீடு இருந்தாலும் பணம் உடனே கைக்கு வராது. வயல் முழுகினால் வீடு முதலில் பார்ப்பது உங்கள் சம்பளத்தைத்தான், அப்போது கார்டில் 46,000 பாக்கி இருந்தால் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும். அம்மா பேசும்போது அவர் மனதில் இருப்பது அந்தப் பயமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கார்டு பாக்கி முடிந்த ரசீதை அவரிடம் காட்டுங்கள். செண்ட் பேச்சு தானாகக் குறையும்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை: 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். தெரிந்தவர் வீட்டில் நடத்தும் பதிவில்லாத சீட்டு என்றால் இது முடிந்ததும் அடுத்ததில் சேராதீர்கள்.

ஆறு மாதம் கழித்தும் அந்த செண்ட் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ரொக்கமாக. பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்று எண் மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 30 மில்லி இருந்தால் 50-ஐ விட்டுவிட்டு அதை எடுங்கள். மில்லி கணக்கில் விலை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், ஆனால் கெடுவதற்குள் தீர்த்துவிடுவீர்கள்.