செவிலியர்க்குக் கட்டாயத் தடுப்பூசி முறையா?

கேள்வி: கோவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ளாததால் என் நாத்தனார் 2021 செப்டம்பரில் மருத்துவமனைப் பணியிலிருந்து நிறுத்தப்பட்டு, ஊதியமின்றி வீட்டில் இருந்தார். இப்போது செவிலியர் படிப்பில் சேரவிருக்கும் என் மகளிடம் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் தொற்றுநோய்) தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். 2023-இல்தான் கட்டாயத்தை நீக்கிவிட்டார்களே, மறுபடியும் வற்புறுத்துவது முறையா?
- ஒரு வாசகி, சென் பியேர், ரீயூனியன்

பதில்: 2023 மே மாத அரசாணை நிறுத்தி வைத்தது கோவிட் தடுப்பூசிக் கட்டாயத்தை மட்டுமே. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1991-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே பிரான்சின் மருத்துவப் பணியாளர்க்குக் கட்டாயம். பிரான்சின் கடல்கடந்த மாவட்டமான ரீயூனியனுக்கும் அதே சட்டம்தான்.

போட்டு முடித்த ஊசியைக் கழிவுப் பெட்டியில் இடும்போது கை தவறி விரலில் குத்திக்கொள்வது எந்தச் செவிலியருக்கும் நேரக்கூடியது. நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்து, செவிலியர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், அந்த ஒரே குத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு; எச்.ஐ.வி.க்கு அது ஏறத்தாழ 0.3 விழுக்காடுதான். காய்ந்த இரத்தக் கறையிலும் ஹெபடைடிஸ் பி கிருமி ஏழு நாள் வரை அழியாதிருக்கும். தொற்றிய செவிலியரிடமிருந்து நோயாளிக்கும் பரவக்கூடும் என்பதால், இந்தக் கட்டாயத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

உங்கள் நாத்தனாருக்கு நேர்ந்ததைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல இயலவில்லை. 2021 ஆகஸ்டில் சட்டம் இயற்றப்பட்டபோது, டெல்டா வகை பரவிக்கொண்டிருந்த நிலையில், அதற்கு வலுவான காரணம் இருந்தது. ஒமிக்ரான் வந்தபின், தடுப்பூசி கடும் நோயிலிருந்து காத்ததே ஒழிய, தொற்று பரவுவதைத் தடுக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2022 ஜனவரியில், ஆள் பற்றாக்குறையை முன்னிட்டு, தடுப்பூசி போட்ட பணியாளர் தொற்று உறுதியான பின்னும், அறிகுறி குறைவாக இருந்தால் பணி செய்யலாம் என்று அரசே விலக்களித்தது. அப்படியிருக்க, தொற்றே இல்லாதவர்களையும் தடுப்பூசி போடவில்லை என்பதற்காக 2023 மே வரை ஊதியமின்றி, அந்தக் காலம் பணிமூப்பிலும் சேராதவாறு வெளியே நிறுத்தியது கொடுமை. காரணம் தளர்ந்தபோதே தண்டனையும் தளர்ந்திருக்க வேண்டும். செவிலியர்க்கான ஃப்ளூ தடுப்பூசிக் கட்டாயத்தை 2006-இல் நிறுத்தி வைத்ததும் இதே பிரான்ஸ்தான். இங்கிலாந்தும் தன் பொது மருத்துவப் பணியாளர்க்கு அறிவித்த கோவிட் கட்டாயத்தை, நடைமுறைக்கு வருமுன்பே 2022-இல் கைவிட்டது.

மகளின் சிறுவயதுத் தடுப்பூசிப் புத்தகத்தை முதலில் பாருங்கள். போட்டிருந்தால், எதிர்ப்பாற்றல் போதிய அளவு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். போடவில்லையெனில், வழக்கமான மூன்று தவணைகளுக்கு ஆறு மாதம் பிடிக்கும். ஆகவே, சேர்க்கைக்குக் காத்திராமல் இந்த மாதமே முதல் தவணையைப் போட்டுவிடுங்கள்.