விபத்து நடந்த இடத்திலேயே கைபேசியில் பதிவு: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

செட்டிநாட்டுப் பக்கத்து ஸ்டேஷன்களில் பல வருடம் வேலை பார்த்து, சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். கார்பன் தாள் வைத்து மகஜர், அதாவது சம்பவ இடத்துப் பார்வைக் குறிப்பு, எழுதிய காலமும் பார்த்தேன், கடைசி சில வருடங்கள் கைபேசியில் ஐராட் என்ற அரசுச் செயலியில் விபத்தைப் பதிந்த காலமும் பார்த்தேன். விபத்துப் பதிவு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பணியில் இருக்கும் தம்பிகளும் கேட்டிருக்கிறார்கள், விபத்தில் அடிபட்ட குடும்பங்களும் கேட்டிருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பள்ளத்தூர்ப் பக்கம் புதிதாகச் சேர்ந்த எஸ்.ஐ.: ஐயா, ஸ்பாட்டுக்குப் போனதும் செயலியைத் திறப்பதா, போக்குவரத்தைச் சரி செய்வதா? இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியவில்லை.

முதலில் அடிபட்டவர், தம்பி. 108 வந்து அவரை ஏற்றும்வரை போன் பையிலேயே இருக்கட்டும்.

ஆள் ஏறியதும் பின்னால் நிற்கும் பஸ்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். "வண்டியை ஓரம் தள்ளுங்க சார்" என்று கூட்டமே சொல்லும். அந்த இடத்தில்தான் நீங்கள் அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு வண்டியின் டயரைச் சுற்றியும் சாக்பீஸில் கோடு போடுங்கள். சாலையின் இரண்டு பக்கமிருந்தும், முப்பது நாற்பது அடி தள்ளி நின்று முழுக் காட்சியை எடுங்கள். பிறகு கிட்டே போய் நம்பர் பிளேட், மோதிய பாகம், பிரேக் பிடித்த தடம், கண்ணாடி சிதறிய இடம். எல்லாப் படத்திலும் நகராத ஒரு பொருள் தெரிய வேண்டும்: கிலோமீட்டர் கல், நம்பர் போட்ட மின்கம்பம், பாலத்துக் கட்டை. வண்டியை நகர்த்திய பிறகும் அந்தக் கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்துகொள்ளலாம்.

இது என் யோசனை மட்டும் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தமே இதைச் சொல்கிறது. தகவல் கிடைத்ததும் விசாரணை அதிகாரி இடத்தைப் பார்த்து, படமும் வீடியோவும் எடுத்து, சாலையின் அகலத்தோடு அளவுப்படி வரைபடம் போட வேண்டும். காயம்பட்டவரை ஆஸ்பத்திரியிலும் படம் எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மற்ற விவரங்களை, அதாவது லைசென்ஸ், இன்சூரன்ஸ், முகவரி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் உட்கார்ந்து நிரப்பலாம். இடத்தையும் படத்தையும் மட்டும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஒரு தலைமைக் காவலர்: கண்மாய்க்கரைச் சாலைகளில் சிக்னலே இல்லை. ஸ்டேஷன் வந்துதான் பதிகிறேன். அதில் என்ன தவறு?

ஏட்டய்யா, நெட் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து வருவது, செல்போன் டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புளியமரத்தடியில் நிற்காமல் வானம் தெரிகிற இடத்துக்கு வந்து, ஒரு நிமிடம் பொறுங்கள். எண்கள் நிலைத்ததும் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் நோட்டில் எழுதிவிடுங்கள். ஸ்டேஷனில் பதியும்போது வரைபடத்தில் ஊசி எங்கே குத்தியிருக்கிறது என்று அந்த எண்களோடு ஒத்துப் பாருங்கள்.

தவறு என்ன என்று கேட்டீர்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ஸ்டேஷன் எல்லையில் கண்மாய் மதகை ஒட்டி ஒரு வளைவு. இரவில் இருசக்கர வண்டிகள் அங்கே விழுந்துகொண்டே இருந்தன. எங்களில் பலரும் ஸ்டேஷனுக்கு வந்த பிறகே பதிந்தோம். வரைபடத்தை ஒரு நாள் திறந்தால் வளைவில் ஒரு புள்ளி இல்லை, ஸ்டேஷன் வாசலில் கொத்தாகப் புள்ளிகள்.

நம் நாட்டில் ஓர் இடத்தைக் கரும்புள்ளி என்று அறிவிக்கக் கணக்கு இருக்கிறது. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று காலண்டர் ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள். புள்ளி அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனாலே அந்த வளைவு கணக்கில் வராது. கணக்கில் வராத வளைவுக்கு எச்சரிக்கைப் பலகையும் வராது, தடுப்பும் வராது. அந்த மதகில் பிறகும் ஒரு பையன் விழுந்து இறந்தான். அவன் அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கியவன் நான். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆசிரியை: என் கணவர் மொபட்டில் போகும்போது வேன் மோதிக் கால் முறிந்துவிட்டது. மூன்று வாரம் ஆகிறது. ஸ்டேஷனில் "எல்லாம் ஆன்லைனில் போயிருச்சும்மா" என்கிறார்கள். என் கையில் ஒரு தாளும் இல்லை.

அம்மா, ஆன்லைனில் போனாலும் உங்கள் கைக்கு வர வேண்டியது வந்தாக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை, அதாவது படிவம் 1-ஐ, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். உங்களுக்கும் அதில் ஒரு நகல் உண்டு. 10 நாளுக்குள் உங்கள் உரிமைகளை விளக்கும் படிவம் 2 தர வேண்டும். ஓட்டுநரும் வண்டி உரிமையாளரும் 30 நாளுக்குள் தங்கள் படிவங்களைக் கொடுக்க வேண்டும். போலீஸ் தர வேண்டிய இடைக்கால அறிக்கைக்கு 50 நாள். நீங்கள் நிரப்பித் தர வேண்டிய படிவம் 6-க்கு 60 நாள். போலீஸின் விரிவான அறிக்கைக்கு 90 நாள்.

நாளைக்கே போய், "படிவம் 1 நகலும் படிவம் 2-ம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, அந்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கியதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது, வாங்குங்கள். எஃப்ஐஆரைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் முதல் நாள் போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவின் நகல், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, ஆட்டோவுக்குக் கொடுத்த காசுவரை ஒரு பையில் போட்டு வையுங்கள். இழப்பீடு கேட்டுத் தனியாக மனுப் போடுவதானால் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைத் தாண்ட விடாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

திருமயம் பக்கத்து லாரி உரிமையாளர்: எல்லையில் விபத்து. சிவகங்கை மாவட்டம் என்கிறார்கள் இவர்கள், புதுக்கோட்டை என்கிறார்கள் அவர்கள். யார் புகாரை வாங்க வேண்டும்?

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் பரந்து கிடப்பதால் இது நமக்குப் பழைய தலைவலி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி எந்த ஸ்டேஷனும் எல்லையைக் காட்டித் தகவலை வாங்க மறுக்கக் கூடாது. வாங்கி, உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும். ஸ்பாட்டில் எடுத்த ஜிபிஎஸ் எண்ணை வரைபடத்தில் போட்டாலே எந்த மாவட்டம் என்பது தெரிந்துவிடும்.

காரைக்குடி அரசு பொறியியல் கல்லூரி மாணவர்: இந்த அமைப்பை யார் உருவாக்கினார்கள்? போலீஸ் பதிந்ததும் உள்ளே என்ன நடக்கிறது?

ஐராட் என்பது ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், தம்பி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் திட்டம். உலக வங்கி உதவி. வடிவமைத்தது சென்னை ஐஐடி, நடைமுறைப்படுத்தியது தேசிய தகவலியல் மையம். 2021-இல் முதலில் ஆறு மாநிலங்களில் தொடங்கினார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. அதற்கு முன்பே ராட்ம்ஸ் என்று ஒரு மென்பொருளில் நம் மாநில போலீஸ் விபத்துகளைப் பதிந்து வந்ததால் நமக்கு இது முழுக்கப் புதிதாக இல்லை. பிறகு இழப்பீட்டு அறிக்கைகளும் சேர்ந்து இ-டார் என்று விரிந்தது.

போலீஸ் பதிந்ததும் அந்த விபத்துக்கு ஓர் அடையாள எண் விழும். அதே எண்ணில் வண்டியைப் பரிசோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், சாலையைப் பார்க்கும் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர், சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி என ஒவ்வொருவரும் தங்கள் பகுதியை நிரப்புவார்கள். ஒரே விபத்தை நான்கு அலுவலகம் நான்கு விதமாக எழுதி வைத்திருந்த காலம் இருந்தது. இந்த ஒற்றை எண்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அமெரிக்காவில் இருக்கும் கோட்டையூர்க்காரர்: இங்கே போலீஸ் காரிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறதே?

ஆமாம் அண்ணே. அயோவா மாநிலத்தில் உருவான, விபத்தைப் பதியும் டிராக்ஸ் என்ற மென்பொருளைப் பல மாநிலங்களில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது மென்பொருளைவிட, எந்தெந்த விவரத்தை எந்த அர்த்தத்தில் எழுதுவது என்று நாடு முழுவதற்கும் ஒரு பொதுப் பட்டியல் வைத்திருப்பது. 1998-இல் முதல் பதிப்பு வந்தது. பின்பற்றுவது மாநிலங்களின் விருப்பம்தான், ஆனாலும் அதைத் திருத்தித் திருத்தி வெளியிடுகிறார்கள். ஒரே சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் எழுதினால்தான் கணக்குக்கு அர்த்தம் உண்டு.

இதையொட்டி நம் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில் யோசிக்காமல் "அதிவேகம்" என்று தட்டாதீர்கள். மத்திய அரசின் 2022 அறிக்கையில் விபத்து மரணங்களில் 71 விழுக்காடு அதிவேகத்தின் கணக்கில் இருக்கிறது. வேகம் கொல்கிறது என்பது உண்மை. ஆனால் தெருவிளக்கு எரியாததையும், மண் கொட்டிக் கிடந்ததையும், ஓரம் அரித்துப் போனதையும் பார்த்துவிட்டு அதிவேகம் என்று மட்டும் எழுதினால், அடுத்து அந்தப் பதிவைத் திறக்கும் பொறியாளருக்குச் செய்ய வேலையே இருக்காது.

குன்றக்குடிச் சாலை டீக்கடைக்காரர்: அடிபட்டவரைத் தூக்கிவிட்டால் என் பெயரையும் நம்பரையும் ஏற்றிவிடுவார்களா?

நீங்கள் விரும்பினால் மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. பெயர் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மோதியதைக் கண்ணால் பார்த்திருந்தால், தைரியமாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். செயலியில் எத்தனை படம் ஏற்றினாலும், வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பது பார்த்தவருக்குத்தான் தெரியும்.

வக்கீல் ஆபீஸ் ஜூனியர்: காவலரின் போனில் எடுத்த படம் கோர்ட்டில் நிற்குமா?

புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றோடு தந்தால் நிற்கும். படத்தை வெட்டவோ வாட்ஸப்பில் அனுப்பியதைத் திரும்ப இறக்கவோ கூடாது. வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த இடமும் நேரமும் அதிலிருந்து போய்விடும்.

கல்லலிலிருந்து ஒருவர்: கொடுங்காயம் என்று பதிந்தார்கள். மதுரைக்கு அனுப்பி, பன்னிரண்டாம் நாள் அண்ணன் இறந்துவிட்டார்.

மனம் கனக்கிறது ஐயா. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது விபத்து மரணம் என்றே கணக்கு. மதுரையிலிருந்து இறப்புத் தகவல் நம் ஸ்டேஷனுக்கு வந்ததும் எஃப்ஐஆரில் பிரிவை மாற்றி, இ-டாரிலும் திருத்த வேண்டும். எஃப்ஐஆரை மாற்றிவிட்டுச் செயலியை மறந்துவிடுவது நடக்கும். இன்சூரன்ஸ்காரர் செயலியைத்தான் பார்ப்பார். போஸ்ட்மார்ட்டம் சான்று கையில் கிடைத்ததும் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரைப் பார்த்து, இரண்டும் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர், பேரன் மூலமாக: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற பிள்ளைகளுக்கு இந்தச் செயலியால் என்ன நன்மை?

உண்டு ஆச்சி. காவடியோடு விடியலுக்கு முன்பே நடக்கிறவர்களை வண்டி இடித்தால், "பாதசாரி" என்ற ஒரு சொல்லோடு பதிவு முடிந்துவிடக் கூடாது. மணி என்ன, வெளிச்சம் இருந்ததா, சாலையோரத்தில் நடக்க இடம் இருந்ததா என்று முழுதாக எழுதினால், அடுத்த தைக்கு எந்த இடத்தில் விளக்குப் போடுவது, எங்கே ஆள் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். பேரன் நடக்கப் போனால் முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புங்கள். வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்கச் சொல்லுங்கள்.

காரைக்குடி பெண் காவலர்: ரோந்துப் பையில் என்னென்ன வைத்துக்கொள்வது, அண்ணே?

30 மீட்டர் டேப், நல்ல டார்ச், ஒளிரும் சட்டை, பவர் பேங்க். சாக்பீஸ் ஒரு டப்பா முழுக்க வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, மழைக்குக் கிரேயான். ஐப்பசி கார்த்திகையில் போனைப் போட ஒரு பிளாஸ்டிக் உறை. அப்புறம் ஒரு நோட்டும் பென்சிலும். ஈரத் தாளில் பேனா எழுதாது.