பிசினஸ் ஸ்கூலுக்கு வெளிநாட்டுக் கல்லூரியோடு ஒப்பந்தம் இருந்தால் மாணவருக்கு என்ன லாபம்?

ஒப்பந்தம் இருப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்ததோடு தூங்கிப்போனவை ஏராளம்.

மாணவர் பரிமாற்றம் பெரும்பாலும் இங்கிருந்து ஒருவர் போனால் அங்கிருந்து ஒருவர் வரும் கணக்கு. கல்விக் கட்டணத்தைச் சொந்தக் கல்லூரியிலேயே கட்டுவீர்கள். அங்கே தனியாக வாங்க மாட்டார்கள். விசா, தங்குமிடம், சாப்பாடு உங்கள் பாடு. இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும் என்பதால்தான் இடங்கள் குறைவு.

அப்புறம் கிரெடிட், அதாவது படித்து முடித்த பாடங்களுக்குக் கணக்கில் சேரும் புள்ளி. ஐரோப்பாவில் ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 ஈசிடிஎஸ் (அங்குள்ள பொதுவான கிரெடிட் அளவு), அரையாண்டுக்கு 30. உங்கள் கல்லூரி அதை எப்படி ஏற்கும் என்பதைப் பாடவாரியாக, கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

1988-ல் ஐரோப்பாவில் தொடங்கிய செம்ஸ் (CEMS) போல, பல பிசினஸ் ஸ்கூல்கள் சேர்ந்தே முதுநிலைப் படிப்பு நடத்தும் கூட்டணிகளும் உண்டு.

ஆராய்ச்சி வேறு கதை. அது பேராசிரியர்களுக்குள் இருக்கும் அறிமுகத்தில் நடப்பது. இரு கல்லூரிக்காரர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.