மாமியார் சொல்லும் பச்சைத்தண்ணீரா, பார்லர் சொல்லும் வெந்நீரா?

கேள்வி: எனக்கு வயது 34. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பாக இருக்கும். முகம் கழுவியதும் தோல் இழுக்கிறது, சிவந்து எரிகிறது. மாமியார் பச்சைத்தண்ணீரில் கழுவு என்கிறார். பார்லரில், வெந்நீரில் கழுவினால்தான் துவாரம் திறந்து அழுக்கு வரும், கடைசியில் ஐஸ் தேய்த்தால் மூடிக்கொள்ளும் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி ஒருவர் 8,500 ரூபாய்க்குக் குழாயில் மாட்டும் ஃபில்டரைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எந்தச் சூட்டில் கழுவ வேண்டும்? ஃபில்டர் வாங்கலாமா? மற்றபடி மெடிக்கலில் கொடுத்த கிரீமை எட்டு மாதமாக ராத்திரியில் போடுகிறேன், அது நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: உங்கள் மாமியார் பக்கம்தான் நான். முழுசாக இல்லை, முக்கால்வாசி. உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் தண்ணீரை விட்டுவிட்டு நேரே அதற்குப் போயிருப்பேன். ஆனால் கேட்டது தண்ணீரைப் பற்றி. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

முகத்தோலின் மேற்பரப்பு சாதாரணமாக 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். தண்ணீரும் ஏறக்குறைய அந்தச் சூட்டில் இருந்தால் போதும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. இதற்காகத் தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம். குழந்தைக்குப் பால் ஆற்றும்போது மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அங்கேயே தண்ணீரையும் விட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றும் தோன்றக் கூடாது, சில்லென்றும் தோன்றக் கூடாது. அதுதான் முகத்துக்கான தண்ணீர்.

சூடு ஏன் ஆகாது என்றால், நெய் ஊற்றிச் சமைத்த பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். பச்சைத்தண்ணீரில் தேய்த்தால் பிசுபிசுப்பு போகாது. வெந்நீர் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். பாத்திரத்துக்கு அது நல்லது. முகத்தில் இருக்கிற கொழுப்பு அப்படி இல்லை. தோலின் மேலடுக்கு ஒரு தாளை விடப் பல மடங்கு மெல்லியது. அதிலுள்ள செத்த செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பதே இந்தக் கொழுப்புதான். சூடான தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் மேலே வழிகிற எண்ணெயோடு இந்தப் பிடிமானக் கொழுப்பும் கரைந்து போகும். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிவிடும். நீங்கள் ‘இழுக்கிறது’ என்கிறீர்களே, அது இதுதான். சுத்தமாகிவிட்டதற்கு அடையாளம் என்று பலர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, சூடு பட்டால் ரத்தக்குழாய் விரியும், முகம் சிவக்கும். ஏற்கெனவே சிவந்த முகம் இன்னும் சிவக்கும். பச்சைத்தண்ணீர் பட்டால் சுருங்கும். அந்த நிமிஷம் வீக்கமும் சிவப்பும் கொஞ்சம் வடிந்த மாதிரி தெரியும். அவ்வளவுதான், அதற்கு மேல் பச்சைத்தண்ணீருக்கு மந்திரம் ஒன்றும் கிடையாது. வெயிலில் போய்விட்டு வந்த முகத்தில் ஃபிரிட்ஜ் தண்ணீரை அடிப்பதும் வேண்டாத வேலை.

துவாரம் திறக்கும், மூடும் என்ற கதைக்கு வருவோம். தோலின் துவாரத்துக்குக் கதவும் இல்லை, அதைத் திறந்து மூடத் தசையும் இல்லை. அதன் அளவைத் தீர்மானிப்பது பரம்பரை, எண்ணெய்ச் சுரப்பு, வயது. ஆவி பிடித்தால் உள்ளே இறுகிய எண்ணெய் கொஞ்சம் இளகும், அது உண்மை. அதற்காக நூறு வாட்டி ஆவி பிடித்தாலும் துவாரம் அதே அளவுதான். மூக்கில் தெரிகிற கரும்புள்ளியும் அழுக்கு இல்லை. காற்றுப் பட்ட எண்ணெயும் தோலின் நிறமியும்தான் அப்படிக் கறுத்துத் தெரிகின்றன. ஐஸ்கட்டியை நேராக முகத்தில் வைத்துத் தேய்ப்பதைப் பார்லரில் செய்தாலும் சரி, வீட்டில் செய்தாலும் சரி, இன்றோடு நிறுத்துங்கள். குளிரிலும் தோல் வெந்துபோகும்.

நம் ஊரில் தண்ணீரின் சூடு நாம் வைத்தபடி இருப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கை பொறுக்காது. அதை அப்படியே முகத்தில் அடித்துக்கொண்டு, ‘வெயில் காலத்தில் யார் வெந்நீரில் கழுவுகிறார்கள்’ என்று என்னிடமே கேட்கிறவர்கள் உண்டு. காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். மண்பானையில் வைத்தால் அளவுக்கு மேல் குளிர்ந்துவிடும். பிளாஸ்டிக் வாளியே போதும். மார்கழியில் இதற்கு நேர்மாறு. நிலத்தடித் தண்ணீரின் சூடு வருஷம் பூராவும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வெளிக்காற்றுதான். அதனால்தான் விடியற்காலை பனியில் மோட்டார் போட்டதும் வருகிற தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கிறது. முகத்துக்கு அதுவே சரியான தண்ணீர். அதைத் தொட்டியில் ஏற்றி ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஹீட்டர் போட்டுச் சுடவைத்துக் கழுவுகிறோம்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் மட்டும் விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால், ‘டாக்டர் வெந்நீர் கூடாது என்றுவிட்டார்’ என்று வெள்ளிக்கிழமை பச்சைத்தண்ணீரில் எண்ணெயை எடுக்கப் பார்த்து, போகவில்லையே என்று சீயக்காயைப் போட்டு முகத்தை ரணமாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணெய் பச்சைத்தண்ணீரில் போகாது. அன்றைக்கு விளாவிய தண்ணீர் வேண்டும்தான். மேலே எண்ணெய்ப் பூச்சு இருப்பதால் தோலின் சொந்தக் கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஆகவே சற்றுக் கூடுதல் சூடு பரவாயில்லை. ஆனால் தலைக்கு ஊற்றுகிற சூடு வேறு, முகத்துக்கு வேறு. முதுகும் தலையும் தாங்குகிற சூட்டை முகம் தாங்காது. ஒரு சொம்பில் தனியாக இன்னும் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விட்டு விளாவிக்கொள்ளுங்கள். சீயக்காய் தலையோடு நிற்கட்டும். முகத்துக்குப் பயத்தம்பருப்பு மாவைக் கூழாகக் கரைத்து, தேய்க்காமல் தடவி எடுத்தால் போதும். கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தால் இருக்கட்டும், துண்டால் ஒற்றிக்கொள்ளலாம். பருவும் பொடுகும் இருக்கிறவர்கள் முகத்துக்கு எண்ணெயே வைக்க வேண்டாம். உங்களுக்கும் இப்போதைக்கு இந்த விதிவிலக்கு கிடையாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது உப்புத் தண்ணீர். உங்கள் சந்தேகத்தில் இங்கே நியாயம் இருக்கிறது. கடற்கரை நெருங்க நெருங்க போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், உப்பு எல்லாம் ஏறும். சோப்பு நுரைக்காது. சோப்பும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாக ஒரு படிவு உண்டாகும். வாளியின் விளிம்பில் படிகிறதே, அதுதான். அது முகத்திலும் படியும், அரிக்கும், காயவைக்கும். போதாக்குறைக்குத் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். 5 சுமாருக்கு இருக்கும் (பி.எச். ஏழுக்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்). சோப்பு 9, 10. இதற்கு வழி, சோப்பு சேராத கிளென்சர் ஒன்றை வாங்கி, ராத்திரி ஒரு வேளை மட்டும் போடுவது. காலையில் வெறும் தண்ணீரே போதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ ஊற்றிக்கொள்ளுங்கள். செலவு அவ்வளவுதான்.

ஃபில்டர்காரர் கட்டாயம் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்திருப்பார். ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், ஒன்றில் அவருடைய தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கருவியை இரண்டிலும் விட்டுக் கரண்ட் போடுவார். உங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பாகிவிடும், அவருடையது தெளிவாகவே நிற்கும். ‘இதைத்தான் அக்கா முகத்தில் ஊற்றுறீங்க’ என்பார். என் கிளினிக்குக்கே ஒருவர் வந்தார். செய்து காட்டட்டும் என்று விட்டேன். முடித்ததும், டிபன் பாக்ஸில் இருந்த உப்புப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவருடைய தெளிந்த தண்ணீரில் போட்டு, மறுபடியும் கரண்ட் போடுங்கள் என்றேன். அரை நிமிஷத்தில் அதுவும் பழுப்பு. மனிதர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு, ‘சார், ஒரு டீ சொல்லுங்க’ என்றார். பழுப்பு நிறம் அந்தக் கம்பியின் இரும்பு அரிப்பதால் வருவது. உப்பு உள்ள தண்ணீரில் கரண்ட் பாயும், கம்பி அரிக்கும். உப்பு எடுத்த தண்ணீரில் பாயாது. உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு வெளியே வந்ததாக நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.

குழாய் முனையில் மாட்டுகிற உருளை மண்ணையும் குளோரின் வாடையையும் குறைக்கலாம். கடினத்தன்மையை, அதாவது அந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும், குறைக்க அவற்றைப் பிடித்துக்கொள்கிற ரெசின் மணிகள் போட்ட தனித் தொட்டி வேண்டும், அதற்கு அடிக்கடி உப்புப் போட்டுக் கழுவித் தயார்செய்யவும் வேண்டும். உள்ளங்கையளவு டப்பாவில் அது நடக்காது. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதியுங்கள். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்ல தண்ணீர். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை குடிக்கவே அனுமதி உண்டு. விற்கிறவரே சோதித்துச் சொல்கிற அளவை நம்பாதீர்கள்.

சரி, கடைசி வரி. ‘மெடிக்கலில் கொடுத்த கிரீம், எட்டு மாதம், நன்றாகத்தான் இருக்கிறது.’

அந்த டியூபை வெளிச்சத்தில் வைத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் இதில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு, சிவப்பையும் அரிப்பையும் சட்டென்று அடக்குகிற மருந்து. மொமெட்டசோனோடு ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருந்தால் அது மங்குக்குக் கொடுக்கிற கலவை; சில வாரங்களுக்கு, டாக்டர் பார்வையில் போட வேண்டியது. எட்டு மாதம் போட்டால் தோல் மெலிந்துவிடும். கன்னத்தில் சிவப்பு இழை மாதிரி ரத்தக்குழாய் தெரியும், பருவும் பூனைமுடியும் வரும். வெயில், அடுப்பு அனல், வெந்நீர் எது பட்டாலும் எரியும். உங்கள் முகம் எரிவதற்கு இதுதான் காரணம் என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால் இதன் மேல்தான் கட்டுவேன். தண்ணீர் பேருக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் பெரிய பொறி ஒன்று உண்டு. கிரீமை நிறுத்தினால் சில நாளில் முகம் வீங்கிச் சிவக்கும். ‘பார்த்தீர்களா, போட்டால்தான் நல்லா இருக்கு’ என்று திரும்ப அதே கடைக்குப் போவோம். அவர் அதைவிட வீரியமான ஒன்றைக் கொடுப்பார். 2018-ல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. டியூபிலேயே அந்த எச்சரிக்கை அச்சடித்திருக்கும், ஆங்கிலத்தில், எறும்பு சைஸில். வாங்குகிறவருக்குப் படிக்க முடியாது, விற்கிறவர் படிக்க மாட்டார், சோதிக்க வேண்டியவர் எப்போது வருவார் என்று கடைக்காரருக்கு முன்கூட்டியே தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோல் டாக்டர் கிடையாது. முகத்தைக் காட்ட ஒரு பெண் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று, இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு வர வேண்டும். மெடிக்கல் ஷாப் தெருமுனையில் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கிறது. அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பெயரே போடாத டப்பாவில் கொடுத்த ‘நைட் கிரீம்’ என்றால் இன்னும் மோசம். வெள்ளையாக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் அப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. அதுவாக இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்வார்.

ஸ்டீராய்டு என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம், இன்னும் ஒரு டியூப் வாங்கவும் வேண்டாம். இந்த வாரமே திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டுங்கள். படிப்படியாக எப்படிக் குறைப்பது, நடுவில் எரிச்சலுக்கு என்ன போடுவது என்று சொல்வார்கள். சரியாக மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரத்தில் சரியாக்குகிறேன் என்கிறவரிடம் போகாதீர்கள். அதுவரை அறைச்சூட்டுத் தண்ணீர், சோப்பு இல்லை, ஸ்கிரப் இல்லை, ஆவி இல்லை, ஐஸ் இல்லை. கழுவியதும் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஏதாவது தடவுங்கள். அடுப்படியில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வெயிலில் குடை பிடியுங்கள்.

போகிற அன்றைக்கு முகத்தில் பவுடர் போடாதீர்கள். இதுவரை போட்ட எல்லா டியூபையும், தீர்ந்துபோனது உட்பட, அட்டைப்பெட்டியோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டியூபை நசுக்கி நசுக்கி எழுத்து அழிந்திருந்தாலும் பெட்டியில் இருக்கும்.