துன்பம் வந்தால் பக்குவம் வந்துவிடுமா?

கேள்வி: வேலை போன சில மாதங்களில் அம்மாவும் போய்விட்டார். 'எல்லாம் உன்னைப் பக்குவப்படுத்தத்தான்' என்கிறார்கள். தினமும் ஜபம் செய்கிறேன், கோபம்தான் கூடுகிறது. என் பக்தியில் குறையா?

பதில்: குறையே இல்லை. துன்பம் தானாக யாரையும் கனியவைப்பதில்லை. அதே அடியில் கசந்துபோனவர்களும் உண்டு. அப்படிச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். முதல் அம்பு, நேர்ந்த வலி. அதைப் பார்த்து மனம் தனக்குத்தானே எய்துகொள்வது இரண்டாவது: 'எனக்கு மட்டும் ஏன்?' முதல் அம்பை எந்த ஆன்மிகப் பயிற்சியும் தடுக்காது. நம் வேலையெல்லாம் இரண்டாவதோடுதான். உங்களிடம் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: கோபப்படுகிறோமே என்ற குற்றவுணர்வு. முதலில் அதைப் பிடுங்குங்கள். அப்பர் சூலை நோயில் பாடிய முதல் பதிகமே வலி பொறுக்காத முறையீடுதான். பைபிளில் வரும் யோபுவும் கடவுளிடம் வழக்காடியவர். கோபத்தையும் பிரார்த்தனைக்குள் கொண்டுவரலாம்.

ஜபத்துக்கு முன் பத்து நிமிடம் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம், மூச்சு வெளியேறும்போதெல்லாம் ஒரு எண். பத்து வரை போய் மறுபடி ஒன்று. எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தவறியதைக் கண்டுகொள்கிறீர்களே, அந்த நொடிதான் பயிற்சி. மீதி ஐந்து நிமிடம் கோபம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தாடையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா? காரணம் தேடாதீர்கள், தேடினால் மனம் வக்கீலாகிவிடும். பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். கோபம் போனதா என்று தினமும் அளக்கவும் வேண்டாம். கோபம் வந்ததற்கும் நீங்கள் வாய் திறப்பதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கிறதா? அது போதும்.

கேள்வி: மனக்கஷ்டத்தை டைரியில் எழுதுகிறேன். எழுத எழுத மோசமாகிறதே?

பதில்: எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் மனம் கனப்பது இயல்பு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் எழுதச் சொன்னது 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள். அவ்வளவுதான். மாதக்கணக்கில் அதே பக்கத்தை எழுதினால் அது அசைபோடுவது. நான்காம் நாள் எழுத்தில் 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் வருகின்றனவா பாருங்கள். முதல் நாளின் புலம்பலே திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். துக்கம் புதிதாக இருக்கும்போது இந்தப் பயிற்சியே வேண்டாம்.

கேள்வி: தொடர் இழப்புகளுக்குப் பிறகு எதுவும் என்னைப் பாதிப்பதில்லை. இது வைராக்கியம், அதாவது பற்றற்ற நிலைதானே?

பதில்: துக்கம் மட்டும் தொடுவதில்லையா, சந்தோஷமும் தொடுவதில்லையா? எதிரே ஒருவர் அழுதால் என்ன ஆகிறது? வைராக்கியத்தில் பற்று குறையும், பரிவு குறையாது. பரிவும் சேர்ந்து வற்றியிருந்தால் மனம் மரத்துப்போயிருக்கிறது என்று பொருள். ஆன்மிகத்தைக் காட்டி வலியைச் சுற்றிப் போகும் இந்தப் பழக்கத்துக்கு, ஜான் வெல்வுட் என்ற உளவியலாளர் 1980-களிலேயே 'ஸ்பிரிச்சுவல் பைபாஸிங்' என்று தனிப்பெயர் வைத்துவிட்டார்; அவ்வளவு சகஜம். எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போய், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், இன்றே போங்கள். அதுவரை தியான நேரத்தைக் கூட்ட வேண்டாம்.