ஒரிஜினலை மறக்கடித்த கவர் பாடல்கள்: நன்றாகப் பாடினால் மட்டும் போதுமா?

ஒருவர் ஏற்கெனவே பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் பாணியில் பாடுவதுதான் கவர். அப்படி ஒரிஜினலைவிடப் பெரிய புகழ் பெற்ற கவர் பாடல்கள் எவை, பின்னால் பாடியவர் இன்னும் நன்றாகப் பாடியதால்தான் அப்படி நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குரல்வளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் நான் கவனித்தவரை அது இரண்டாம்பட்சம்தான். அதே வரிகளை வேறு ஒருவர் சொன்னதும் அர்த்தமே புரண்டுவிட வேண்டும், அந்த மாதிரிப் பாடல்கள்தான் ஒரிஜினலைத் தூக்கிச் சாப்பிடுகின்றன.

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவை நெருங்கிவிட்ட ஒரு கிழவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிப் பாடுகிறார் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். பிறகு ஒரு நாள்தான் தெரிந்தது, அது 1994-இல் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் ஆல்பத்தில் வந்தது, எழுதிய டிரென்ட் ரெஸ்னருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை என்று. அன்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ரெஸ்னருடையது முணுமுணுப்பில் ஆரம்பித்துக் கடைசியில் பெரிய இரைச்சலில் போய் முட்டுகிறது. தன்னையே வெறுக்கும் ஒரு இளைஞனின் பாட்டு. கேஷ் 2002-இல் பாடும்போது அவருக்கு எழுபது வயது, கிதார், பியானோ, உடைந்துபோன அந்தக் குரல், அவ்வளவுதான். வரியில் முக்கியமாக மாற்றியது ஒரே இடம். கிரீடத்தோடு சேர்ந்திருந்த கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு 'முள்' என்று வைத்தார். அந்த ஒரு சொல்லில் போதைக்கார இளைஞனின் புலம்பல், பைபிளை வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்திருந்த ஒருவரின் பாவமன்னிப்பாக மாறிவிட்டது. வீடியோவில் அவர் மனைவி ஜூன் கார்ட்டர் படிக்கட்டில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பார், கடைசியில் கேஷ் பியானோ மூடியை மெதுவாகச் சாத்துவார். 2003 மே மாதம் ஜூன் போய்விட்டார், செப்டம்பரில் இவரும். ரெஸ்னரே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, இது இனி என் பாட்டில்லை என்ற பொருளில் சொன்னார். எழுதியவரே சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு நாம் என்ன சொல்வது?

'ரெஸ்பெக்ட்' இன்னும் சுவாரஸ்யம். 1965-இல் ஓட்டிஸ் ரெடிங் எழுதிப் பாடியபோது, உழைத்துவிட்டு வீட்டுக்கு வரும் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு அது. 1967-இல் அரீதா ஃபிராங்க்ளின் அதை அப்படியே திருப்பிப் போட்டார். அந்த ஆங்கில வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொல்லும் இடம் இருக்கிறதே, இன்றைக்கு எல்லோரும் முணுமுணுப்பது, அது ரெடிங்கின் பாட்டில் கிடையவே கிடையாது. பாட்டின் அடையாளமே கவரில் சேர்த்த ஒட்டுவேலை! ஆண் கேட்டபோது வீட்டுச் சண்டையாக இருந்தது, பெண் கேட்டதும் உரிமைக்குரலாகிவிட்டது. அதே வருடம் மான்டெரி இசை விழா மேடையில் ரெடிங், ஒரு பொண்ணு என்னிடமிருந்து இந்தப் பாட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் காசு விஷயத்தில் நிலைமை தலைகீழ்: அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் பாட்டை எழுதியவர் பக்கத்துக்குத்தான் ராயல்டி கொடுக்கும், பாடியவருக்குக் கிடையாது. அரீதாவின் குரல் எத்தனை முறை வானொலியில் ஒலித்தாலும் அந்த வருமானம் ரெடிங் பக்கம்தான்.

இந்தக் கணக்கு தெரிந்தவர் பாடகி டாலி பார்ட்டன். அவர் எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பலர் நினைப்பதுபோல் காதல் பாட்டே இல்லை. தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனரின் டிவி நிகழ்ச்சியிலிருந்து விலகும்போது அவருக்கு எழுதிய பிரியாவிடை. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார், ஆனால் அவருடைய மேனேஜர் பாட்டின் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி முடியாது என்றுவிட்டார், இரவெல்லாம் அழுதாராம். 1992-இல் விட்னி ஹூஸ்டன் 'தி பாடிகார்ட்' படத்துக்காகப் பாடி, அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தபோது அந்தப் பிடிவாதத்தின் மதிப்பு புரிந்திருக்கும். விட்னியின் பதிவில் முதல் முக்கால் நிமிடம் வாத்தியமே இல்லை, வெறும் குரல். அது படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர் அடம்பிடித்து வைத்தது. கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லாம் ஒரு கணம் நின்று, டொம் என்று ஒரே ஒரு டிரம் அடி விழுந்து சுருதி ஏறும் பாருங்கள், எனக்கு இன்னும் சிலிர்க்கும். ஆனாலும் டாலியுடையதுதான் எனக்குப் பிடிக்கும், அதில் நிஜமாகவே ஒருவர் வாசலில் நின்று விடைபெறுகிறார். திட்டாதீர்கள்.

கவரின் கவர் என்று ஒரு வகையும் இருக்கிறது. லெனார்ட் கோஹென் 1984-இல் 'ஹலலூயா' பாடியபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, அவருடைய அமெரிக்கக் கம்பெனி அந்த ஆல்பத்தையே வெளியிட மறுத்தது. 1991-இல் ஜான் கேல் சரணங்களை மாற்றித் தேர்ந்து பியானோவோடு பாடினார். ஜெஃப் பக்லி 1994-இல் பாடியது அந்த ஜான் கேல் வடிவத்தைக் கேட்டுத்தான். ஆரம்பத்தில் அவர் மூச்சு விடும் சத்தம்கூடப் பதிவில் கேட்கும். இப்போது டிவி பாட்டுப் போட்டிகளில் பாடுகிறவர்கள் பக்லியைப் பார்த்துப் பாடுகிறார்கள், சிலர் அவரைப் பார்த்துப் பாடியவரைப் பார்த்து. அப்புறம் இந்தப் பட டிரெய்லர்களில் எந்தத் துள்ளல் பாட்டையும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, சோகப் பியானோவில் போட்டுக் கவர் என்கிறார்களே, தாங்க முடியவில்லை. வேகம்தான் குறைந்திருக்கிறது, பாட்டு அதேதான்.

'டெயின்டட் லவ்' பற்றி ஒரு வரி. 1960-களில் குளோரியா ஜோன்ஸ் பாடியதை 1981-இல் சாஃப்ட் செல் குழுவினர் உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள், ஆனால் இசைத்தட்டின் மறுபக்கத்திலும் இன்னொரு கவரையே போட்டார்கள். சொந்தப் பாட்டை வைத்திருந்தால் எழுதியவருக்கான பங்கு அவர்களுக்கே வந்திருக்கும்.

எது ஒரிஜினல் என்று சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை. நடாலி இம்ப்ரூலியாவின் 'டார்ன்' பற்றி நண்பன் ஒருவனோடு பந்தயம் கட்டினேன். அது அவருடைய சொந்தப் பாட்டு என்றேன் நான், 1995-இல் எட்னாஸ்வாப் குழு வெளியிட்டதன் கவர் என்றான் அவன். தேடிப் பார்த்தால் அதற்கும் முன்னால், 1993-இலேயே, லிஸ் சோரன்சென் என்ற பாடகி அதை டேனிஷ் மொழியில் பாடி வெளியிட்டிருக்கிறார். எழுதியவர்களில் இருவர் எட்னாஸ்வாப் ஆட்கள்தான், அதனால் தான் ஜெயித்ததாக அவன் இன்னும் சாதிக்கிறான். நான் காசு கொடுக்கவில்லை.