ஆள் சிக்கலைன்னா நிவாரணம் கிடையாதா?

கேள்வி: அண்ணா, எங்களுக்கு ஏற்காடு, வீட்டுக்காரர் எஸ்டேட்ல மிளகு பறிக்கிற வேலை. ராத்திரி யாரோ வெட்டிட்டு ஓடிட்டான், வலது கையில 2 விரல் மடங்கவே மாட்டேங்குது, சட்டை பட்டன் கூட நான்தான் போட்டு விடறேன். ஆள் சிக்குனாத்தான் பணம்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமா?

பதில்: இல்லம்மா, அது தப்பு. வெட்டுனவன் யாருன்னே தெரியலைன்னாலும் நீங்க அரசாங்க நிவாரணம் கேட்டு மனு போடலாம், முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357ஏ-ல இருந்தது இப்ப அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 396-ல அப்படியே இருக்கு, தமிழ்நாட்டுக்குன்னு 2013-ல தனி திட்டமே போட்டிருக்காங்க. சேலம் கோர்ட் வளாகத்துல இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. எஃப்ஐஆர் காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்துட்டுப் போங்க, மருந்து பில்லைத் தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க, மழையில நனைஞ்சு மை கலைஞ்சிருந்தாலும் பரவால்ல. 2 மாசத்துக்குள்ள விசாரிச்சு முடிக்கணும்னு சட்டமே சொல்லுது. வக்கீலுக்குப் பணம் இல்லையேன்னு தயங்காதீங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் வக்கீல் இலவசம், வீட்டுக்காரருக்கும் இலவசமா கிடைக்குமான்னு அங்கேயே கேளுங்க. மலை இறங்குறதுக்கு முன்னாடி சட்ட உதவி எண் 15100-க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்க, ஒருநாள் கூலி வீணாப் போக வேண்டாம்மா.